முந்நூற்றுச் சொச்சம்

பேனாதான் சரியில்லை, வேறொன்றும் இல்லை என்று செண்பகவல்லி டீச்சர் தனக்குள் தீர்ப்புச் சொல்லிவிட்டு, சிவப்புப் பேனாவை மேசைமேல் வைத்து, வலது கையை மடிக்குக் கொண்டுபோய், யாரும் பார்க்காதபோது விரல்களை விரித்து மூடினாள். விரிந்தன, மூடின, பிறகென்ன. இப்போது வருகிற பேனாக்களே நோஞ்சான் உடம்பு, பிடித்தால் நழுவிக்கொண்டு ஓடுகின்றன, அதற்காகத்தான் பேனாவின் இடுப்பில் ரப்பர் பேண்டைச் சுற்றி வைத்திருக்கிறாள். அதைப் பார்த்துவிட்டுக் காலையில் பக்கத்து நாற்காலிக் காளீஸ்வரி, "என்ன டீச்சர், பேனாவுக்குக் கட்டுப் போட்டிருக்கிய, எங்கயும் விழுந்துட்டுதா" என்று கேட்டாள். கேட்கட்டும், சின்ன வயசு, வாய் துடுக்கு, ஆனால் கூட்டலில் கெட்டிக்காரி, அதனால்தான் இந்த மேசையில் திருத்திய தாள்களின் கூட்டுத்தொகையைச் சரிபார்க்கிற வேலையை அவளிடம் கொடுத்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக் கணக்குத் தாள் திருத்தும் முகாம், கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்து மாடி ஹால், தலைக்குமேல் காற்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் தருகிற மின்விசிறிகள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்த விடைத்தாள் கட்டு. சாம்பார் சாதம் உள்ளே போன பிறகு எல்லா மேசைகளிலும் தலைகள் கொஞ்சம் தொங்கும். செண்பகவல்லியின் தலை தொங்காது. முகாமுக்கு வரத் தொடங்கிய காலத்திலிருந்து எந்த மேசையில் உட்கார்ந்தாலும் அந்த மேசையில் முதலில் கட்டை முடிப்பவள் அவள்தான், அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது, அவளுக்கு அறவே கிடையாது. மேசைத் தலைவர் இஸ்ரவேல் சாரைச் சீஃப் என்பார்கள், அவர்கூட அவள் கட்டைத் திறந்து பார்ப்பதே ஒப்புக்குத்தான். இன்றைக்குக் கொஞ்சம் தாமதம். பேனாவால்.

அடுத்த தாள் வடிவியல் பக்கத்தில் திறந்துகொண்டது. வட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளி, அதிலிருந்து வட்டத்துக்கு இரண்டு தொடுகோடுகள் வரைய வேண்டும், வரைந்திருக்கிறது பிள்ளை, காம்பஸ் வில்கள் மெல்லிசாக, நடுங்காமல், வெட்டிக்கொள்ள வேண்டிய இடத்தில் வெட்டிக்கொண்டு. யார் பெற்ற பிள்ளையோ, என்ன கை. உதவிப்படத்துக்கு மார்க், வட்டத்துக்கு மார்க், தொடுகோட்டுக்கு மார்க், சரிபார்த்தலுக்கு மார்க், எல்லாம் முழுசாகப் போட்டாள், போடும்போது கட்டைவிரலின் அடியில் ஏதோ ஒன்று நானும் இருக்கிறேன் என்றது. இருந்துகொள். தை மாதம் பால் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்க முடியாமல் நின்றாளே, அந்த மாதிரியா இருக்கிறது, இல்லை. அப்போது காலையில் எழுந்தால் இரண்டு கையும் யாரோ இரவல் கொடுத்துவிட்டுப் போன கை மாதிரி மரத்துக் கிடக்கும். பற்பசை மூடி திறக்காது, ரவிக்கைக் கொக்கி மாட்டாது, பத்து மணிக்கு மேல்தான் விரல்கள் அவளுடைய சொல்லைக் கேட்கும். அதனால் முதல் பீரியடில் கரும்பலகையில் எழுதுவதைப் பிள்ளைகளை விட்டுச் செய்ய வைத்தாள், அதற்கு ஒரு காரணமும் கண்டுபிடித்தாள், மாணவர் பங்கேற்பு என்று, தலைமையாசிரியை அதைக் கூட்டத்தில் பாராட்டினாள், கைதட்டினார்கள், அவளால்தான் தட்ட முடியவில்லை. வீட்டில் பூபதி, அவள் புருஷன், ஊறுகாய் பாட்டிலைத் திறந்து கொடுத்துக்கொண்டே, "கணக்கு டீச்சருக்கு மூடி திறக்க நான் டியூஷன் எடுக்கணும்போல" என்று கேலி பண்ணினான். பண்ணியவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுவாரமே திருநெல்வேலிக்குக் கூட்டிக்கொண்டு போனான். மூட்டு வியாதிக்கென்றே படித்த டாக்டர், நஸ்ரீன் என்று பேர், செண்பகவல்லியின் வகுப்பில் உட்காரவைத்தால் கடைசி பெஞ்சில் இருக்கிற பிள்ளை மாதிரி ஒடிசலாக, ஆனால் கை விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்த விதத்தில் ஒரு நிதானம் இருந்தது, அதைச் செண்பகவல்லி கவனித்தாள், நிதானமாக வேலை செய்கிறவர்களை அவளுக்குப் பிடிக்கும்.

பிடித்தது அதோடு சரி. ரத்தம் எடுத்தார்கள், முடிவு வந்தது, ஆன்டி சிசிபி என்று ஒன்று, முடக்குவாதமா என்று காட்டுகிற நம்பர், இருபதுக்குள் இருக்க வேண்டுமாம், அவளுக்கு முந்நூற்று நாற்பது. ஆர்ஏ ஃபேக்டர் என்று இன்னொன்று, அதுவும் எல்லையைத் தாண்டி எங்கேயோ. பிறந்ததிலிருந்து எந்தப் பரீட்சையிலும் இரண்டாம் இடத்துக்குப் போகாதவள் செண்பகவல்லி, இதிலும் விட்டுக்கொடுக்கவில்லை என்று பூபதியிடம் சொல்லிச் சிரித்தாள், அவன் சிரிக்கவில்லை. நிறைய மார்க் வாங்கிப் பெயிலாவது அவளுக்குப் புதுசு. அந்தப் புதுமைதான் உறுத்தியது, வலி உறுத்தவில்லை, ஏனென்றால் டாக்டர் எழுதிக்கொடுத்த சின்ன வெள்ளை மாத்திரையைப் போட்ட மறுநாளே வலி இருந்த இடம் தெரியவில்லை. பால் பாத்திரத்தை ஒற்றைக் கையால் இறக்கினாள், கரும்பலகை முழுக்க இருபடிச் சமன்பாட்டை எழுதி அழித்து எழுதினாள். அப்படியானால் அந்த நம்பர் மட்டும் எப்படி அங்கேயே நிற்கும். டாக்டர் சொல்லியிருந்தாள், "மேடம், இந்த நம்பரைத் திரும்பத் திரும்பப் பாக்க வேண்டாம், ஒரு தடவை பாத்தாச்சு, அது சொல்ல வேண்டியதைச் சொல்லிருச்சு." அது எப்படி, எங்கள் இலாகாவில் பெயிலான பிள்ளைக்குக்கூட மறுகூட்டல் உண்டு, மறுமதிப்பீடு உண்டு, எனக்கு மட்டும் கிடையாதா. யாருக்கும் சொல்லாமல் கோவில்பட்டியில் ஒரு லேபில் கொடுத்தாள், முந்நூற்றுப் பத்து. சாத்தூரில் கல்யாண வீட்டுக்குப் போனபோது அங்கே இன்னொரு லேபில் கொடுத்தாள், இருநூற்று எண்பத்தைந்து. பார்த்தீர்களா. மூன்றையும் கூட்டிச் சராசரி எடுத்தாள், முந்நூற்றுச் சொச்சம், சராசரியோடு விட்டால் அவள் கணக்கு டீச்சர் இல்லை, வரைபடத்தாளில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தாள், கோடு கீழ்நோக்கிப் போனது, இப்படியே போனால் அடுத்த வருஷம் ஆடி வாக்கில் இருபதுக்குள் வந்துவிடும் என்று நீட்டிப் பார்த்தாள். மூன்று லேபுகள், மூன்று மெஷின்கள், மூன்று புள்ளிகளில் ஒரு கோட்டை நீட்டியிருக்கிறாள், ஒரு பிள்ளை இப்படி வரைந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்ற கேள்வி எட்டிப் பார்த்தது, அதை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுத்தாள்.

முக்கோணவியல். உயரமும் தொலைவும். கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து இரண்டு கப்பல்களைப் பார்க்கிறார்கள். டான் முப்பது, டான் நாற்பத்தைந்து, படம் சரி, முதல் படி சரி, மார்க், மார்க். வெள்ளை மாத்திரை கொஞ்ச நாளைக்குத்தான் என்றாள் டாக்டர், அது வலியை அமத்திவைக்கிறது, அவ்வளவுதான், உள்ளே நடக்கிறதை நிறுத்துவது வேறு மாத்திரை, வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடுவது, எந்தக் கிழமை என்று நீங்களே முடிவு பண்ணிக்கோங்க, மாத்தாதீங்க, மறந்தும் தினம் போட்டுராதீங்க. உடம்பைக் காக்கிற காவல்காரனே வீட்டுக்காரனை அடிக்கிறான் என்ற கதையெல்லாம் அவள் ஏற்கெனவே போனில் பார்த்துவிட்டாள், அதை டாக்டர் சொல்லாதது ஆறுதல். டாக்டர் சொன்னது வேறு. "இந்த ரெண்டு நம்பரும் ஏறியிருக்கிறவங்களுக்கு மூட்டு எலும்பு சீக்கிரம் அரிக்கும் மேடம். வலி இல்லங்கிறதும் எலும்பு அரிக்கலங்கிறதும் ஒண்ணு இல்ல. சும்மா விட்டா ரெண்டு மூணு வருஷத்துல விரல் கோணிரும், கோணினது நிமிராது. இப்பவே பிடிச்சா பெரும்பாலும் காப்பாத்திரலாம்." அந்தப் பெரும்பாலும் என்ற சொல் செண்பகவல்லிக்குப் பிடிக்கவில்லை, கணக்கில் பெரும்பாலும் என்று ஒரு விடை கிடையாது. மருந்துக்கடையில் சீட்டை நீட்டினால் கடைக்காரர் இரண்டு தடவை படித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "டீச்சர், இது புத்துநோய்க்குக் கொடுக்கிறதாச்சே, யாருக்கு" என்றார். யாருக்கோ என்றாள். வீட்டுக்கு வந்து அந்த மாத்திரைப் பட்டையை பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்தாள், முடி கொட்டும் என்றார்கள், ஈரலுக்கு ஆகாது என்றார்கள், யார் சொன்னது என்று கேட்டால் பேர் சொல்ல ஆள் இல்லை. இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன், நன்றாக இருக்கிற உடம்பில் விஷத்தைப் போடுவார்களா. வெள்ளை மாத்திரையை மட்டும் கடைக்காரர் சீட்டுக் கேட்காமலே கொடுத்துக்கொண்டிருந்தார், அதை அவள் தினமும் போட்டுக்கொண்டிருந்தாள், பூபதியிடம் எல்லா மாத்திரையும் போடுகிறேன் என்று சொல்லியிருந்தாள். பொய்யில்லை, பாதி மார்க் கொடுக்கலாம்.

"டீச்சர், இதைக் கொஞ்சம் பாருங்க" என்று காளீஸ்வரி ஒரு தாளைத் தள்ளினாள். "இந்த நாப்பத்திநாலாவது கணக்குக்கு நாலு போட்டிருக்கியளா, ஒம்பதா. எனக்குப் புரியல. ஒம்பதுன்னா கூட்டு ஒண்ணு வருது, நாலுன்னா வேற வருது." செண்பகவல்லி பார்த்தாள். அவளுடைய நாலுதான். எட்டு மார்க் கேள்விக்கு ஒன்பது எப்படிப் போட முடியும் என்று சொல்ல வாய் திறந்தவள் மூடிக்கொண்டாள், ஏனென்றால் கிண்டலுக்கு அது வாகான பேச்சுதான், ஆனால் கண்ணெதிரே இருப்பது நாலாகவும் இல்லை. மேலே திறந்திருக்க வேண்டிய வாய் மூடிக்கொண்டு, கால் வளைந்து, வேறு யாரோ எழுதிய எண். அவள் நாலு அப்படி இருக்காது. அவளுடைய நாலைப் பார்த்துத்தான் இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் நாலு எழுதப் பழகினார்கள் என்று சொன்னால் கொஞ்சம் மிகை, கொஞ்சம்தான். "நாலு" என்றாள். "பேனா வழுக்குது. வெயிலுக்குக் கை வேர்க்கு." இஸ்ரவேல் சார் தலையைத் தூக்காமலே தன் சட்டைப் பையிலிருந்து ஒரு தடிப் பேனாவை எடுத்து நீட்டினார். "இதை வச்சுக்கிடுங்க டீச்சர். அவசரமில்ல, மெதுவாப் போடுங்க, ஒரு மார்க்குக்கு ஒரு புள்ள வாழ்க்கையாக்கும்." அவர் யாருக்கும் சொல்கிற வாக்கியம்தான், முகாம் திறந்த அன்று எல்லார் முன்னாலும் சொன்னது, ஆனால் அதைத் தனியாக, தன்னிடம், இத்தனை வருஷத்தில் ஒருவரும் சொன்னதில்லை என்பது செண்பகவல்லியின் காதில் சூடாக ஏறியது. நாலைத் தெளிவாக எழுதிச் சுருக்கொப்பம் போட்டுக் கொடுத்தாள். காளீஸ்வரி போகவில்லை, இன்னும் இரண்டு தாள்களை அங்கேயே வைத்துக்கொண்டு நின்றாள், அவற்றிலும் அதே மாதிரி எண்கள், ஒன்றா ஏழா என்று சொல்ல முடியாதவை. "காலையில உள்ள கட்டுலயும் ஒண்ணு ரெண்டு இருந்துச்சு டீச்சர். நானே அனுமானிச்சுக் கூட்டிட்டேன்" என்றாள் தணிந்த குரலில், அவளுடைய துடுக்கெல்லாம் எங்கே போயிற்றோ. "அனுமானிக்காத. கொண்டா எல்லாத்தையும்" என்றாள் செண்பகவல்லி.

கொண்டுவந்து குவித்தாள். திருத்திய தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டித் தன் எண்களைத் தானே படித்தாள், படிக்க முடிந்தவற்றை விட்டாள், முடியாதவற்றை அடித்து மேலே எழுதினாள், ஒப்பம், அடுத்தது, ஒப்பம். வலி இல்லை, சத்தியமாக வலி இல்லை, அதுதான் வேடிக்கை. வலித்தால் நிறுத்தியிருப்பாளே. கை ஒன்றும் சொல்லாமல் தன்பாட்டுக்கு வேறு ஒரு கையெழுத்துக்கு மாறிக்கொண்டிருந்திருக்கிறது, அவள் கோடு கீழே போகிறது கீழே போகிறது என்று வரைபடத்தாளைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில். டாக்டரின் அறைக்கு வெளியே காத்திருந்தபோது பக்கத்தில் இருந்த அம்மாள் நினைவுக்கு வந்தாள், விளாத்திகுளத்துக்காரி, மூக்குத்தி போட்ட கறுத்த முகம், மடியில் கைகள், விரல்கள் எல்லாம் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்து காற்றடித்த பயிர் மாதிரி. அவளாகவே பேசினாள். "எனக்கு ரத்தத்துல ஒண்ணுமே காட்டலம்மா. அந்த நம்பரு சுத்தமா இருக்குன்னாவ. சரிதான், ஒண்ணுமில்லன்னு நாலு வருசம் தைலம் தேச்சுக்கிட்டே இருந்துட்டேன். கடைசியில பாத்தா நம்பரு காட்டாமயும் இது வருமாம்லா. ஒனக்கு எம்புட்டு?" முந்நூற்று நாற்பது என்று சொன்னபோது அந்த அம்மாள் முகத்தில் வந்தது இரக்கமில்லை, பொறாமை மாதிரி ஒன்று. "ஒனக்குன்னா ஆரம்பத்துலயே தெரிஞ்சுபோச்சு" என்றாள். அன்றைக்குச் செண்பகவல்லி இதை என்ன அசட்டுப் பேச்சு என்று நினைத்தாள், நினைத்துவிட்டு அந்த விரல்களைப் பார்க்காமல் இருக்க எதிர்ச் சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தாயா, பார்க்காமல் இருந்தாய், அதுதான் நீ செய்தது, ஆனால் அது வேறு, அவள் வேறு, என் விரல் நேராகத்தானே இருக்கிறது.

அடுத்த தாள். முதல் பக்கத்திலேயே தெரிந்துவிட்டது இது கரைசேர்வது கஷ்டம் என்று. அவளுக்குத் தெரியும், இதில் அவளை மிஞ்ச ஆளில்லை, காலாண்டுத் தாளைப் புரட்டினால் போதும், யார் பொதுத்தேர்வில் விழுவார்கள் என்று கையை வைத்துக் காட்டிவிடுவாள், கூட்டல் தப்புப் போடுகிறவர்கள் இல்லை, கழித்தலில் குறியை மாற்றாமல் விடுகிறவர்களும் இல்லை, முதல் படியைச் சரியாக எழுதிவிட்டு இரண்டாம் படி தெரியாமல் மூன்றாம் படியில் விடையை எங்கிருந்தோ கொண்டுவந்து வைப்பார்களே, அவர்கள்தான். அந்தப் பிள்ளைகளின் பேரைத் தனியாகப் பட்டியல் எடுப்பாள், சாயங்காலம் வீட்டுக்கு விடமாட்டாள், சுண்டலும் கணக்கும், மாசி வரைக்கும். அதற்காக அவளோடு சண்டைக்கு வந்தவர்கள் ஒருவரா இருவரா. தீப்பெட்டி ஆபீஸ் வேலையை அரைநாள் விட்டுவிட்டு பேச்சியம்மாளின் அம்மா வந்தது அப்படியே கண்ணில் நிற்கிறது, கையில் மருந்துச் சாயம், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வகுப்பு வாசலில், "எம்புள்ள நெத்தியில பெயிலுன்னு எழுதி ஒட்டிட்டியளே டீச்சர், தெருவே சிரிக்கி. அவ காலாண்டுல பாஸுதான, நாப்பது வாங்கியிருக்காளே, பெறவு எதுக்கு அவளைப் போயி மக்கு கூட்டத்துல சேத்திய." நன்றாகத்தானே இருக்கிறாள் என்றாள் அந்த அம்மாள், ஆமாம், அதே வார்த்தை, நல்லாத்தான இருக்கா. அதற்குச் செண்பகவல்லி கோபப்படவில்லை, கோபப்பட்டால் காரியம் கெட்டுவிடும், நின்ற இடத்தில் நின்று சொன்னாள். "உம்புள்ள பெயிலுன்னு நான் சொல்லலம்மா. இப்படியே விட்டா பெயிலுங்கேன். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. விடமாட்டேங்கிறதுக்குத்தான பேரையே எழுதுனேன்." பேச்சியம்மாள் அறுபத்தேழு வாங்கினாள். அந்த வருஷம் பட்டியலில் இருந்த பிள்ளைகளில் விழுந்தவர்கள் மிகச் சொற்பம். ஆனால் அதே வகுப்பு ரோஸ்லின் விழுந்தாள், காலாண்டில் நாற்பத்தெட்டு, பட்டியலில் பேர் இல்லை, யாரும் அவளைத் தொந்தரவு பண்ணவில்லை, ரிசல்ட் அன்றைக்குப் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதாள், நல்லாத்தான டீச்சர் எழுதுனேன் என்று.

செண்பகவல்லியின் பேனா நின்றது. இஸ்ரவேல் சார் கொடுத்த தடிப் பேனா, அது வழுக்கவில்லை, அதன்மேல் பழி போட வழியில்லை. விட்டா பெயிலுங்கேன். சும்மா விட்டா கோணிரும். அட, இது என் வாக்கியமல்லவா. அந்த ஒடிசல் பிள்ளை திருநெல்வேலியில் உட்கார்ந்துகொண்டு என் வாக்கியத்தை எனக்கே சொல்லியிருக்கிறாள், நான் பேச்சியம்மாளின் அம்மா மாதிரி முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றிருக்கிறேன், அந்த அம்மாளாவது நேரில் வந்து கத்தினாள், நான் கத்தக்கூட இல்லை, தலையை ஆட்டிவிட்டு வந்து மருந்தைச் சேலைக்கு அடியில் போட்டேன். முந்நூற்று நாற்பது என்பது மார்க்கே இல்லை. அது பட்டியலில் என் பேர். அது கூடினால் என்ன, குறைந்தால் என்ன, காலாண்டுத் தாளைத் திரும்பத் திரும்ப எடைபோட்டா பொதுத்தேர்வு எழுதுவார்கள். இரண்டு லேபில் மறுகூட்டல் கேட்டிருக்கிறாய் செண்பகம், சாயங்கால வகுப்புக்கு மட்டும் போகவில்லை. மனசு அதிலிருந்து நழுவப் பார்த்தது, அது வேறு, இது வேறு, பிள்ளைகளுக்குக் கொடுத்தது சுண்டல், இது ஈரலைத் தின்கிற மருந்து, என்றது. சரி, ஈரலைத் தின்கிறதா என்று பார்க்கத்தானே மாதாமாதம் ரத்தம் எடுப்போம் என்றாள் டாக்டர், என்று மனசுக்குப் பதில் சொன்னாள். முடி, என்றது. முடி கொட்டினால் சவுரி, கை கோணினால் எதை வைத்துக் கட்டுவாய், என்றது அதே மனசு, இந்தத் தடவை அவளுடைய வகுப்புக் குரலில். அவளுக்குத் தன் வகுப்புக் குரல் மேல் எப்போதும் நம்பிக்கை உண்டு. அந்தக் குரல் ஒரு காரியத்தைக் கையில் எடுத்தால் முடிக்காமல் விட்டதில்லை, ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் இழுத்துக்கொண்டுபோய்க் கரையில் போட்ட குரல், அது இந்தப் பத்து விரல்களையா போடாது. பிறகு ஏன் இத்தனை நாள்.  தாளில் இருந்த பிள்ளை முதல் படியை எழுதிவிட்டு நிறுத்தியிருந்தது, எங்கிருந்தும் விடையைக் கொண்டுவந்து வைக்கவில்லை, அந்த இடத்தை வெள்ளையாக விட்டிருந்தது. முதல் படிக்கு உள்ள மார்க்கைப் போட்டாள், தெளிவாக, எவர் படித்தாலும் இரண்டு என்று தெரிகிற இரண்டு.

டீ வந்தது. ஹாலுக்குள் போன் கூடாது, வாசலில் இருக்கிற மேசையில் எல்லார் போனும் பேர் எழுதின துண்டோடு வரிசையாகக் கிடக்கும், அதில் தன்னுடையதை எடுத்துக்கொண்டு வராந்தாவின் கோடிக்குப் போனாள். காளீஸ்வரி பின்னாலேயே டீயோடு வந்து, "டீச்சர், நான் சீஃப்கிட்ட ஒண்ணும் சொல்லல, நீங்க ஒண்ணும் நெனைக்காதிய" என்றாள். "சொன்னா என்னட்டீ, சொல்லு, நானே சொல்லப்போறேன். காலைக் கட்டையும் திரும்பக் கேட்டு வை, ஒண்ணு விடாமப் பாத்துருவோம்" என்று அவளை அனுப்பிவைத்தாள். வெயில் வராந்தாவின் பாதிவரை ஏறியிருந்தது, கீழே மைதானத்தில் விடைத்தாள் கட்டுகள் வந்த வேன் நிழலில்லாமல் நின்றது. டாக்டர் எடுக்கமாட்டாள், இந்த நேரத்தில் ஆட்கள் நிறைய இருப்பார்கள், எடுக்காவிட்டால் சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம், சாயங்காலம் ஆகாவிட்டால், என்று போய்க்கொண்டிருக்கும்போதே எடுத்துவிட்டாள். "சொல்லுங்க மேடம், எப்படி இருக்கீங்க." "நல்லாயிருக்கேன்" என்றாள் செண்பகவல்லி, வாய் பழக்கம், அதைச் சொல்லிவிட்டு டீ டம்ளரை வராந்தாச் சுவரில் வைத்தாள். "டாக்டர், அந்த வாரத்துக்கு ஒருநா மாத்திரை இருக்குல்லா. அதை நான் இன்னும் ஆரம்பிக்கவேயில்ல. வெள்ளை மாத்திரை மட்டுந்தான் தினம் போடுதேன்."

அந்தப் பக்கம் டாக்டர் யாரையோ வெளியே இருக்கச் சொன்னாள். எங்கேயோ ஒரு குழந்தை அழுவது கேட்டது, கதவு சாத்தும் சத்தம் கேட்டது. "ஏன் மேடம்" என்றாள் டாக்டர். திட்டுகிற ஏன் இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்கிற ஏன். இந்த ஏனை எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பாள் செண்பகவல்லி, ஏன் வீட்டுப்பாடம் எழுதல, ஏன் வாய்பாடு படிக்கல, எழுந்து நில்லு, ஏன், அதற்கு என்னென்ன பதில்கள் வரும் என்பதும் மனப்பாடம், நோட்டைக் காணோம் டீச்சர், கரண்ட் இல்ல டீச்சர், வயித்து வலி டீச்சர், தம்பி கிழிச்சுட்டான் டீச்சர். அவை எல்லாம் இப்போது வரிசையில் வந்து என்னைச் சொல் என்னைச் சொல் என்று நின்றன, பள்ளிக்கூடத்தில் வேலை அதிகம், முகாம் வந்துவிட்டது, கடையில் ஸ்டாக் இல்லை. ஒவ்வொன்றையும் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரே ஒரு பதில் நின்றுகொண்டிருந்திருக்கிறது, அத்தனை பிள்ளைகளிடமும் அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும், ஒருத்தியும் சொன்னதில்லை, சொல்லுகிற மாதிரி அவள் கேட்டதும் இல்லை. "பயமாயிருந்துச்சு" என்றாள்.

சொன்னதும் கண்ணில் தண்ணீர் முட்டியது, அதை யார் பார்க்கப்போகிறார்கள், முட்டட்டும் என்று விட்டாள். "அந்த நம்பரைப் பாத்துப் பயம். மருந்தைப் பாத்துப் பயம். கை இப்படிப் போயிருமோன்னு பயம். வேற ஒண்ணும் காரணம் இல்ல." டாக்டர் ஊம் என்று கேட்டுக்கொண்டாள். பிறகு, "சரி, ஒண்ணும் கெட்டுப்போகல" என்றாள். "வெள்ளை மாத்திரையைச் சட்டுன்னு நிறுத்திராதீங்க. திங்கக்கிழமை காலையில வாங்க, கையை எக்ஸ்ரே எடுத்து, ஈரலுக்கு ஒரு ரத்தம் பாத்துட்டு அன்னைக்கே ஆரம்பிச்சிருவோம். பயத்தையும் கூட்டிட்டே வாங்க, அதை வீட்ல விட்டுட்டு வரணும்னு இல்ல. வருவீங்கதான." திங்கட்கிழமை முகாம் உண்டு, அவள் முகாமுக்கு ஒரு நாளும் விடுப்புப் போட்டதில்லை, உள்ளே இஸ்ரவேல் சார் மணியை அடித்தார், நாற்காலிகள் இழுபட்டன, செண்பகவல்லி முதுகை நிமிர்த்தி, போனைக் காதோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "சரிங்க டீச்சர்" என்றாள். அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. சொன்னதைத் திருத்தாமலே போனை வைத்தாள்.